கழுவி வைத்த வண்டி

2019 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கடுங்காப்பி போட்டுக் குடித்தேன். இரவெல்லாம் தூறியதால் மாடிப்படியில் காயப்போட்டிருந்த துணிகளை உள்ளே கொண்டுவந்து கொடியில் விரித்தேன். பைபிளில் ஓர் அதிகாரம் வாசித்து ஜெபித்தேன். கருவிப் பையைத் திறந்து ஸ்பானர்களை அளவு வரிசைப்படி வைத்தேன். ஏழரைக்கு மெஸ்ஸில் இட்லி. இலை போட்டவர் "நாலா?" என்று கேட்டார், தலையசைத்தேன். எட்டே முக்காலுக்கு அம்பாசமுத்திரம் சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைக்கு என் வாயிலிருந்து இன்னும் ஒரு வார்த்தை வந்திருக்கவில்லை.

இதெல்லாம் நாட்குறிப்பில் இருப்பது. மினி டிராக்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் டிஃபரன்ஷியல் லாக்கைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். எப்படிப் பயன்படுத்துவது, எங்கே கோளாறு வரும் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டிவிட்டேன். அந்தப் பக்கத்தில் அடங்காத ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. போன மாதம் வேலையிலிருந்து விடுபட்டுவிட்டேன். இனி இதைச் சொல்ல எனக்கு வேறு இடம் கிடையாது.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் விளங்கட்டும் என்று ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிராக்டர் திரும்பும்போது பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. வெளிப்பக்கத்துச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். அப்படிச் சுற்ற விடுவதுதான் டிஃபரன்ஷியல். சேற்றில் அதுவே வம்பாகும். ஒரு சக்கரம் வழுக்கினால் இஞ்சினின் வலு முழுவதும் அதற்கே போய், மற்றது சும்மா நிற்கும். அப்போது வலது குதிகாலுக்கு அருகே இருக்கும் லாக் மிதியை அழுத்தினால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி வெளியே வரும். காலை எடுத்ததும் பூட்டு விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் வண்டி திரும்பாது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் நேராகவே போகும்.

அன்று காலை உள்ளே நுழைந்ததும் சூப்பர்வைசர் அண்ணாச்சி சீட்டை நீட்டினார்.

"வே, ஆழ்வார்குறிச்சி சார்வாள் கூப்பிட்டுட்டாரு. இந்த மாசத்துல இது மூணாவது."

"இன்னைக்கு என்னவாம்?"

"வண்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதாம். திருப்புனா திரும்பாம நேரா போகுதாம். போயி ஒரு காப்பியக் குடிச்சிட்டு வாரும். வண்டிக்கு ஒண்ணும் இருக்காது. மனுசனுக்குத்தான் பேச்சுத்தொண வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கம் வாத்தியார்களைச் சார்வாள் என்றுதான் சொல்வோம். இவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபின் சொந்த வயலைத் தானே உழுவதென்று மினி டிராக்டர் வாங்கியவர். மனைவி இறந்துவிட்டார், மகள் பெங்களூரில். மாதத்துக்கு இரண்டு முறையாவது எங்களைக் கூப்பிடுவார். ஹாரன் சத்தம் குறைந்திருக்கிறது என்பார். சீட்டின் ஸ்பிரிங் கீச்சிடுகிறது என்பார். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. முந்திரிக்கொத்தும் காப்பியும் வரும். பழைய மாணவர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். நாம் எழுந்தால், "இருமேவே, வெயில் தாழட்டும்" என்பார்.

அந்தத் தந்திரம் எனக்கு நன்றாகத் தெரியும். என் மனைவி தவறிப்போன மறு வருஷம், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிக்கு நான் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டிருக்கிறேன். அவர் ஸ்டூலில் ஏறிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான ஓடுது அண்ணாச்சி?" என்று கேட்டபோது எனக்கு முகம் சிவந்துபோயிற்று. அதனால்தான் சார்வாளைப் பார்க்கும்போது மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்த இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. நான் ஒளித்து வைத்திருப்பதை அவர் வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

பத்தே முக்காலுக்கு அவர் வீட்டுக் களத்தில் என் வண்டியை நிறுத்தினேன். சிமெண்டுத் தரையில் டிராக்டர் பளபளவென்று நின்றது. சக்கரப் பள்ளங்களில்கூட ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"வாரும்வே, வாரும். தூத்தல்ல நனைஞ்சிட்டீரோ? நீர் வாரீர்னு காலைலயே ஓஸ் புடிச்சுக் கழுவி வச்சிட்டேன். சேத்தோட உம்ம கையில குடுக்கலாமா?"

நம் பக்கத்தில் இது ஒரு மரியாதை. மெக்கானிக் வருகிறார் என்றால் வண்டியைக் குளிப்பாட்டி நிறுத்துவார்கள். நான் வேலை பழகிய காலத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவர் அதைக் கண்டாலே கத்துவார். "மூஞ்சி கழுவுன பிள்ளையப் பாத்தா அழுததே தெரியாதுலே!" என்பார். இருபத்தைந்து வருஷத்தில் அந்த வாக்கியத்தைப் பலரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு நினைவு வரவில்லை.

"என்ன செய்யுது சார்வாள்?"

"மூணு நாளா இப்படித்தான்வே. தொழி அடிக்கும்போது சக்கரம் வழுக்குச்சின்னா லாக்க மிதிக்கேன். வெளிய வந்ததும் கால எடுத்துருதேன். எடுத்தா விட்டுரணும்லா? விட மாட்டேங்குது. வரப்போரம் திருப்புனா, பிடிவாதம் புடிச்ச பய மாதிரி நேரா போகுது. அங்கனயே நிறுத்தி, எறங்கி, மிதிய ரெண்டு ஆட்டு ஆட்டுவேன். பொறவு சரியாயிருது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பைய நின்னு நின்னுதான் ஓட்டுதேன்."

தொழி என்பது நடவுக்காக வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக்கி உழுவது. அதைவிட லாக்குக்கு அதிக வேலை வேறு எங்கும் கிடையாது.

நான் வண்டியில் ஏறினேன். களத்தில் ஐந்து முறை லாக்கை மிதித்து, விட்டு, திருப்பினேன். ஐந்து முறையும் மிதி டக்கென்று மேலே வந்தது. வண்டி அழகாகத் திரும்பியது. மிதியின் ஸ்பிரிங்கைப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

"சரியாத்தான இருக்கு சார்வாள்."

"இங்கன சரியாத்தான் இருக்கும்வே. வயலுக்கு வாரும். ஒரே ஒரு சுத்து. கடைசிப் பாத்தி ஒண்ணு மிச்சம் கெடக்கு. நாளைக்குக் காலைல நடவுக்கு ஆளு வருது. அதுக்குள்ள அடிச்சாவணும்."

"அங்க வந்தாலும் இதே வண்டிதான சார்வாள்?"

நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். வயல் அங்கிருந்து பத்து நிமிஷம். எனக்கு அடுத்த வேலை பன்னிரண்டு மணிக்கு. நேரம் இருந்தது. ஆனால் வயலுக்குப் போனால் திரும்பி வந்து சாப்பிட வேண்டியிருக்கும், சாப்பிட்டால் பேச வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அதை அவரே சொன்னார். "ரெண்டு பேருக்குச் சேத்து வடிச்சிட்டேன்வே. சுண்டவத்தக் கொழம்பு."

"இன்னொரு நாளைக்கு, சார்வாள்."

சீட்டை எடுத்து, "சோதித்தேன். குறை இல்லை" என்று எழுதி நீட்டினேன். பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"எழுதிட்டீரா? அப்பச் சரி. எனக்குத்தான் வயசாயிட்டு போல."

மதியம் 3.12-க்கு என் போன் அடித்தது. நான் ஏழு கிலோமீட்டர் தள்ளி வேறொரு வண்டிக்குக் கிளட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கிரீஸ். சார்வாளின் எண். அடித்து ஓயட்டும் என்று விட்டேன். 3.14-க்கு மறுபடியும் அடித்தது. அதையும் விட்டேன். 3.21-க்கு மூன்றாவது முறை அடித்தபோது, நாலு வார்த்தை பேசி வைத்துவிடலாம் என்று எடுத்தேன். ஒரு பெண்ணின் குரல்.

"ஏய்யா, மெக்கானிக்கா? சார்வா வண்டி வாய்க்காலுக்குள்ள பாஞ்சிட்டுய்யா. கால் மாட்டிக்கிட்டு. வெளிய எடுக்க வரல. தண்ணி ஏறுது. சீக்கிரம் வாங்கய்யா!"

ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பன்னிரண்டு நிமிஷத்தில் போய்விட்டேன்.

வயலின் கடைசி வரப்பை உடைத்துக்கொண்டு டிராக்டர் வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தி, இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. வாய்க்காலின் அந்தக் கரை கல் கட்டு. கால்பலகைக்கும் கல்லுக்கும் நடுவே சார்வாளின் இடது கால். டிராக்டரே அணை போட்டது போலாகி, மேலேயிருந்து வரும் தண்ணீர் தேங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சுவரைக்கும் வந்துவிட்டது. ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கி வைத்திருந்தார். போன் பேசிய இசக்கியம்மாள், நடவு ஆட்களுக்குத் தலைவி, தண்ணீருக்குள் நின்று அவர் தோளைத் தாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த மற்றப் பெண்கள் கரையில் நின்றார்கள்.

மாடசாமி என்ற பெரிய டிராக்டர்காரர் தன் வண்டியைப் பாதையில் நிறுத்தி, கம்பிவடத்தைக் கொக்கியில் மாட்டி முடித்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரே இழு. பின்னால வந்துரும். சொல்லுங்க, இழுத்துருதேன்."

நான் முதலில் பார்த்தது வலப்பக்கத்து மிதியை. அது கீழேயே கிடந்தது. மிதியின் தண்டைச் சுற்றி, அறுவடை இயந்திரம் விட்டுப் போன வைக்கோலும் சேறும் வடம்போல் முறுக்கி இறுகியிருந்தன. இது கழுவாத வண்டி. மூன்று நாளாக அவர் சொன்னது அங்கே என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

புதியவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். எல்லோரும் கத்துவார்கள்; தண்ணீர் ஏறும்; கயிறு தயாராக இருக்கும். ஏதாவது ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். மாடசாமியின் வண்டி நின்றதோ பாதையில், பக்கவாட்டில். சார்வாள் வண்டிக்கு நேர் பின்னால் வயல் முழுக்கத் தொழி; அதில் இறங்கினால் அதுவும் புதையும். பக்கத்திலிருந்து இழுத்தால், பின்சக்கரம் இரண்டும் பூட்டிக் கிடக்கும் வண்டி உருண்டு வராது. சறுக்கித்தான் வரும், அதுவும் கல்லை உரசிக்கொண்டு. கல்லுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மனிதனின் கால் இருந்தது.

"இழுக்காதீங்க. வடத்தக் கழத்துங்க."

"என்ன அண்ணாச்சி சொல்லுதீரு? தண்ணி கழுத்துக்கு வந்துரும்!"

"தண்ணிக்கு வேற வழி பாப்போம். வடத்தக் கழத்தும்வே!"

அவர் என்னைத் திட்டிக்கொண்டேதான் கழற்றினார்.

மடையை அடைக்க ஒருவர் ஓடியிருந்தார்; ஆனால் மடை தூரம். சீக்கிரம் தண்ணீரை வடிக்க ஒரே வழி, மேல்பக்கத்தில் வாய்க்கால் கரையை வெட்டிப் பக்கத்து வயலுக்குள் திறந்துவிடுவது. நான் அதைச் சொன்னபோது மம்பட்டியை யாரும் எடுக்கவில்லை. அடுத்தவன் வயலுக்குள் கரை வெட்டுவது எங்கள் ஊர்களில் லேசான காரியம் இல்லை. அதற்காகத் தலைமுறைக்கும் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வயலோ அன்றைக்குத்தான் நட்டது. நாற்று இன்னும் நிமிரவில்லை. சொந்தக்காரர் ஊரில் இல்லை.

"அவரு போன எடுக்க மாட்டேங்காரு," என்றார் மாடசாமி. "கேக்காம எப்படி வெட்ட?"

இசக்கியம்மாள் சார்வாளின் தோளை இன்னொருத்தியிடம் மாற்றிக் கொடுத்துவிட்டுக் கரையேறினாள்.

"மம்பட்டிய இங்க கொண்டாங்க. நாங்க நட்டதுதான? அடிச்சிக்கிட்டுப் போனா நாங்களே திரும்ப நட்டுக் குடுத்துக்கிடுதோம். மனுசன நட முடியுமா?"

முதல் வெட்டை அவள்தான் வெட்டினாள். பிறகு மாடசாமியும் வெட்டினார். தண்ணீர் நாற்றுக்குள் பாய்ந்தது. நெஞ்சளவில் இருந்தது மெல்ல இடுப்புக்கு வந்தது.

நான் கால்பலகைக்குக் கீழே இறங்கினேன். அதை வண்டியோடு பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள். பலகை கழன்றால் கால் வெளியே வரும். இரண்டு போல்ட் கண்ணுக்குத் தெரிந்தது, இரண்டு கலங்கல் தண்ணீருக்குள். பைக்குள் பார்க்காமலே கையைவிட்டு வேண்டிய ஸ்பானரை எடுத்தேன். பதற்றத்தில் போல்ட்டின் தலை மழுங்கினால் எல்லாம் போச்சு. அதனால் ஒவ்வொன்றிலும் ஸ்பானர் முழுதாக உட்கார்ந்துவிட்டதா என்று இடதுகை விரலால் தடவிப் பார்த்த பிறகே திருப்பினேன்.

என் தலைக்கு மேலே சார்வாளின் முகம் இருந்தது. வெளுத்துப்போயிருந்தது.

"நேரா போச்சுவே," என்றார்.

"பேசாதீங்க சார்வாள்."

"நேத்து வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு பாத்துத்தான் திருப்புனேன். நீர் குறையில்லன்னு எழுதிட்டீரா... இப்பத் திரும்பிரும், இப்பத் திரும்பிரும்னே ஸ்டீயரிங்க ஒடிச்சேன். கிளட்ச மிதிக்கணும்னு தோணவே இல்ல."

மூன்றாவது போல்ட் வந்தது.

"கால் மாட்டுனதும் ரெண்டு தடவ உமக்குக் கூப்பிட்டேன்."

"பாத்தேன் சார்வாள்."

அவர் மூச்சு வாங்கினார். பிறகு என் தோளில் கையை வைத்து, வகுப்பில் பின்வரிசைப் பையனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"பேச்சுத்தொணைக்குக் கூப்பிடலவே."

அப்படியென்றால் எங்கள் சிரிப்பு அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் ஒவ்வொரு தடவையும் முந்திரிக்கொத்து எடுத்து வைத்திருக்கிறார். நான்காவது போல்ட் துருப்பிடித்திருந்தது. அதிலேயே கண்ணாக இருந்தேன். அது இளகியதும் பலகை சாய்ந்தது. நான்கு பேர் சேர்ந்து அவரைத் தூக்கினோம். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை. அதுவரை சத்தம் காட்டாத மனிதர் அப்போதுதான் கத்தினார்.

4.20-க்கு ஆம்புலன்ஸ் வந்தது. மாடசாமி அவரோடு ஏறிக்கொண்டார். நான் ஏறியிருக்க வேண்டும். சட்டையெல்லாம் சேறு, வண்டியை வெளியே எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு கரையில் நின்றேன்.

ஆள் இல்லாத வண்டியை இரண்டு டிராக்டர்கள் வைத்து ஐந்தரை மணிக்குக் கரையேற்றினோம். வீட்டைப் பூட்டச் சார்வாள் சாவியை இசக்கியம்மாளிடம் கொடுத்திருந்தார். நான் களத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளேயிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். தட்டின் மேல் இன்னொரு தட்டு மூடியிருந்தது.

"சார்வா சாப்பிட்டுட்டு, யாருக்கோ ஒரு ஆளுக்கு எடுத்து மூடி வச்சிருக்காருய்யா. நாளைக்கு ஆகாது. நீங்க சாப்பிடுங்க. காலைலேருந்து ஒண்ணும் தின்ன மாதிரியே தெரியல."

சோறு, சுண்டவத்தல் குழம்பு, ஓரத்தில் ஒரு அப்பளம் நமத்துப் போயிருந்தது. அவளும் போன பிறகு களத்து ஓரத்தில் தனியாக உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. விசாரித்தவர்கள் சீட்டைப் பார்த்தார்கள். சோதித்ததும் உண்மை, சார்வாளின் கையெழுத்தும் உண்மை. மிதியில் சேறு அடைந்தது பராமரிப்புக் குறை என்று எழுதிக்கொண்டு போனார்கள். சார்வாளும் ஒரு புகார் சொல்லவில்லை. கால் பிழைத்தது, ஆனால் கம்பு ஊன்றித்தான் நடந்தார். அடுத்த சித்திரையில் மகள் வந்து பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீடு பூட்டியே கிடக்கிறது. உங்கள் சீட்டு உங்களைக் காப்பாற்றும் நாளில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

சேற்றில் வரும் கோளாறைச் சேற்றில் போய்ப் பாருங்கள். கழுவ வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். "குறை இல்லை" என்று எழுதாதீர்கள். "களத்தில் பார்த்தேன், தெரியவில்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால் அவர் அந்தக் கடைசித் திருப்பத்திலும் நின்று பார்த்திருப்பார். அவருடைய பயம் அவரை மூன்று நாள் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டது என் கையெழுத்துதான். பேச ஆள் தேடுகிறவர் என்று ஒருவரை முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அவர் என்ன சொன்னாலும் நம் காதில் விழாது. அப்படிப்பட்டவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

ஏழரைக்கு அறைக்கு வந்தேன். ஸ்பானர்களைக் கழுவித் துடைத்து வரிசையில் வைத்தேன். நாட்குறிப்பில் 3.12, 3.14 என்ற இரண்டு நேரங்களையும் எழுதினேன். எதிரே காரணம் எழுத இடம் விட்டேன். இன்றுவரை அது காலியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். காப்பி போடவில்லை. ஆஸ்பத்திரியில் விளக்குப் போட்டிருப்பார்கள் என்று தோன்றும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு, 5.40-க்குச் சார்வாளின் எண்ணைக் கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தார். குரல் மருந்தில் குழறியது.

"என்னவே இந்நேரத்துல? வண்டில வேற எதுவும் கோளாறா?"

"ஒண்ணுமில்ல சார்வாள். சும்மா பேசலாம்னுதான்."